கண்ணுக்குள் இருப்பது அழற்சியா, புற்றுநோயா: ஸ்டீரொய்டுக்கு முன் எடுக்கவேண்டிய படங்கள்

சிவந்த கண்ணோடும் மங்கிய பார்வையோடும் கண் கிளினிக்குக்கு வருபவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இருப்பது அழற்சி அல்லது கிருமித்தொற்றுத்தான். கண்ணுக்குள் புற்றுநோய் அரிது. அரிது என்பதாலேயே அது தவறவிடப்படுகிறது. கண்ணுக்குள் வரும் லிம்போமா (வெண்குருதிக் கலங்களின் புற்றுநோய்) யூவியைட்டிஸ் (கண்ணின் உள் அழற்சி) போலவே நடிக்கும். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்டைக் கொடுத்தால் சில வாரம் குறைந்தும் காட்டும். விழித்திரைப் புற்றுநோய் உள்ள பிள்ளை இமை வீங்கி, செல்லுலைட்டிஸ் (கண்ணைச் சுற்றிய திசுக்களில் கிருமித்தொற்று) போல வரலாம். மறுபக்கத் தவறும் நடந்திருக்கிறது: பின்பக்க ஸ்கிளீரா (கண்ணின் வெள்ளைச் சுவர்) அழற்சியைக் கட்டி என்று எண்ணிக் கண்ணையே அகற்றிய நோயாளர்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளனர்.

இக்குறிப்பு திருகோணமலை, கிண்ணியா, மூதூர் பக்கத்துக் கண் கிளினிக்குகளில் வேலை செய்யும் மருத்துவ உத்தியோகத்தர்களுக்கும் ஸ்கான் எடுப்பவர்களுக்கும் எழுதப்பட்டது. கொழும்பு இங்கிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். அங்கே அனுப்புவதா, இங்கேயே மருந்து தொடங்குவதா என்ற முடிவு முதல் நாளின் படங்களில்தான் தங்கியிருக்கிறது. வாசிக்கும் நோயாளர்கள் இதை வைத்துத் தங்கள் ஸ்கானைத் தாங்களே வாசிக்க முயலவேண்டாம். எதற்காக இத்தனை படம் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டால் போதும்.

எந்தக் கண்ணைச் சந்தேகிப்பது

எல்லா யூவியைட்டிசுக்கும் எல்லாப் படமும் எடுக்க முடியாது, தேவையும் இல்லை. ஐம்பது வயது தாண்டி முதன்முறையாக யூவியைட்டிஸ் வந்தால் நின்று யோசியுங்கள். கண் வெள்ளையாக, நோவில்லாமல் இருக்கிறது. உள்ளே விட்ரியஸ் என்ற கண்ணாடியுடனீரில் மட்டும் கலங்கள் நிறைந்து நிற்கின்றன. ஆனால் அந்தப் புகைமூட்டத்துக்கு எதிர்பார்ப்பதைவிடப் பார்வை நன்றாக இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் லிம்போமாவை நினைக்கவேண்டும். ஸ்டீரொய்டைக் குறைக்கும்போதெல்லாம் திரும்பி வருவதும், முதலில் ஒரு கண்ணில் தொடங்கிப் பிறகு மற்றதற்கும் போவதும் இதே பக்கம்தான் கை காட்டுகின்றன. மார்பகம் அல்லது நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவரின் கண்ணில் மஞ்சள் நிறத் திட்டு தெரிந்தால், வேறொன்று நிரூபணமாகும்வரை அதை அங்கிருந்து பரவியதாகவே கொள்ளுங்கள். வெள்விழியில் ஒரு மூலையில் மட்டும் இரத்தக்குழாய்கள் தடித்து நின்றால், அதற்கு நேர் உள்ளே, கண்ணின் நிறவட்டமான ஐரிசுக்குப் பின்னாலுள்ள சிலியரிப் பகுதியில் கட்டி ஒளிந்திருக்கலாம்.

அழற்சியின் பக்கம் நிற்பவை வேறு. இரவில் நித்திரையைக் கலைக்கும் ஆழமான நோவு, மூட்டுவலி, கண்மணி வில்லையோடு ஒட்டிக்கொண்டிருப்பது, விழித்திரையின் நடுப்பகுதியான மக்குலாவில் நீர்க்குமிழ்கள் கட்டுவது. இவை இருந்தால் புற்றுநோய் இல்லை என்று ஆகாது. ஆனால் தராசு அந்தப் பக்கம் சாயும்.

பி-ஸ்கான்

பி-ஸ்கான் என்பது ஒலியலையால் கண்ணின் உட்புறத்தைப் படமெடுப்பது. கதிர்வீச்சு இல்லை, சில நிமிட வேலை, கண்புரையோ இரத்தக்கசிவோ மறைத்தாலும் உள்ளே காட்டும். எனவே இதிலிருந்து தொடங்குவோம். பின்பக்கக் கண்ணுக்குப் பொதுவாக 10 மெகாஹேர்ட்ஸ் புரோப் (ஒலியை அனுப்பும் கருவிமுனை). ஐரிஸ், சிலியரிப் பகுதிக்கு அது போதாது. 35 முதல் 50 மெகாஹேர்ட்ஸ் வரையிலான யூபிஎம் (உயர் அதிர்வெண் ஒலி ஸ்கான்) வேண்டும். முன்பக்க ஓசிடியை (ஒளியால் எடுக்கும் குறுக்குவெட்டுப் படத்தை) அதற்குப் பதிலாக வைக்கலாமா என்று கேட்பார்கள். ஐரிசின் நிறமிக்குப் பின்னால் அதன் ஒளி போகாது, ஆகவே சிலியரிக் கட்டியை அது காட்டாது.

நோயாளியைச் சாய்த்துப் படுக்கவைத்து, மரத்துப்போகும் துளிமருந்து விட்டு, புரோபின் நுனியில் மெதில்செலுலோஸ் ஜெல் தாராளமாகப் பூசுங்கள். கண்ணின் மேலேயே வைத்தால் படம் தெளிவாக வரும். சின்னப் பிள்ளைகளுக்கு மூடிய இமைக்கு மேலால் எடுத்துவிடலாம், ஆனால் கெயினை (திரும்பிவரும் ஒலியைப் பெருக்கும் அளவை) கொஞ்சம் கூட்டவேண்டும். தூண்டில் முள்ளோ கம்பியோ குத்திக் கண் கிழிந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் புரோபை வைத்து அழுத்தவே கூடாது.

முதல் சுற்று உயர்ந்த கெயினில், 90 டெசிபல் அளவில். விட்ரியசில் மிதக்கும் மெல்லிய கலங்களும் சவ்வுகளும் அதில்தான் தெரியும். இரண்டாம் சுற்று 70 டெசிபல் அளவில். திரட்சியின் உருவமும் ஓரமும் அப்போதுதான் பிரிந்து தெரியும். மூன்றாவது, 60க்கும் கீழே மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு போவது. மற்றதெல்லாம் மங்கி மறைய, சுண்ணாம்புப் படிவு மட்டும் கடைசிவரை பிரகாசமாக நிற்கும். அதன் பின்னால் ஒரு கறுப்பு நிழலும் விழும். அவசரத்தில் விடுபடுவது இந்த மூன்றாவது சுற்றுத்தான். உயர்ந்த கெயினிலேயே நின்றுவிட்டால் எல்லாமே வெள்ளை, எதுவும் சொல்லாது. ஒவ்வொரு படத்திலும் கெயின் எண் தெரியும்படி சேமியுங்கள்.

நான்கு பக்கமும் குறுக்குவாட்டில் எடுக்கவேண்டும். எந்தப் பகுதியைப் பார்க்கிறோமோ அந்தத் திசைக்கு நோயாளி பார்க்கவேண்டும். புரோப் அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கவேண்டும். “ஐயா, தலையை அசைக்காமல் மேலே பாருங்கோ” என்று சொல்லி, புரோபைக் கீழே வைத்து, கருவிழி ஓரத்திலிருந்து இமைமடிப்பு வரை மெதுவாக நகர்த்துங்கள். ஏதாவது அகப்பட்டால் அதே மணித்திசையில் நெடுக்குவாட்டில் ஒரு வெட்டு. அது கட்டிக்கும் பார்வை நரம்புக்கும் இடையிலான தூரத்தைத் தரும். வில்லை வழியாக நேரே எடுக்கும் படம் அழகாக இருக்கும். ஆனால் வில்லை ஒலியை உறிஞ்சிவிடுவதால் அளவெடுக்க அதை நம்பவேண்டாம்.

பிறகு கண்ணை அசைக்கச் சொல்லுங்கள்: சடாரென்று இடப்பக்கம் பார்த்து நிறுத்தவேண்டும். பழைய இரத்தமும் அழற்சிக் குப்பையும் கண் நின்ற பின்னும் கொஞ்சநேரம் ஆடும். திடமான கட்டி ஆடாது. விழித்திரைக்கு அடியில் நீர் இருந்தால் ஆளை எழுப்பி உட்காரவைத்து மறுபடி பாருங்கள். நீர் கீழே இறங்கினால் அது கசிவால் வந்தது. ஆனால் இந்த நீரை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லமுடியாது. விகேஎச் என்ற, உடலின் எதிர்ப்புச்சக்தியே கண்ணைத் தாக்கும் நோயிலும் வரும், ஸ்கிளீரா அழற்சியிலும் வரும், மெலனோமா என்ற நிறமிக்கலப் புற்றுநோயிலும் வரும்.

உயரம் அளப்பது தனிக் கைவேலை. ஒலிக்கற்றை கட்டியின் மேற்பரப்புக்கும் ஸ்கிளீராவுக்கும் செங்குத்தாக விழும்போதுதான் இரண்டு கோடுகளும் கூர்மையாக வரும். சரிந்து விழுந்தால் உயரம் கூடிக் காட்டும். மேலே பிரிந்து நிற்கும் விழித்திரையைக் கட்டியோடு சேர்த்து அளக்காதீர்கள். மூன்று முறை அளந்து, எந்த மணித்திசை, எந்த வெட்டு என்று கூடவே எழுதுங்கள். ஆளுக்கு ஆள் அரை மில்லிமீற்றர் வரை வேறுபடலாம். ஆகவே 2.1 இலிருந்து 2.4 ஆனது என்பதை வளர்ச்சி என்று எழுதிவிடவேண்டாம்.

கண்டதை வாசிப்பது

காளான் வடிவத்தில் கழுத்து இறுகித் தலை விரிந்த கோரொயிட் (விழித்திரைக்கு அடியிலுள்ள இரத்தக்குழாய்ப் படை) திரட்சி, உள்ளே ஒலி குறைந்து வெறுமையாகத் தெரிகிறது, ஏ-ஸ்கான் (திரும்பிவரும் ஒலியைக் கோட்டுவரைபடமாகக் காட்டுவது) முனைகள் தாழ்ந்தோ நடுத்தரமாகவோ இருந்து பின்னோக்கிக் குறைகின்றன: மெலனோமாவின் இலக்கணம் இது. ஆனால் நம்மவரிடம் மெலனோமா வெள்ளையரிடம் இருப்பதைவிட மிகக் குறைவு. கறுத்து உயர்ந்த ஒன்றைக் கண்டால் முதலில் விழித்திரைக்கு அடியில் கட்டிய இரத்தத்தை நினையுங்கள். ஆசியரிடம் கூடுதலாகக் காணப்படும் பொலிப்போய்டல் என்ற கோரொயிட் இரத்தக்குழாய் நோயில் இப்படி இரத்தம் தேங்கிக் கட்டிபோலவே நிற்கும். கட்டி காத்திருந்தால் சுருங்காது. இரத்தம் வாரக்கணக்கில் சுருங்கும்.

சிறிய நிறமித் திட்டு மச்சமா, மெலனோமாவின் தொடக்கமா என்று பிரிக்கப் பயன்படும் குறிகள் இவை: 2 மி.மீ.க்கு மேல் தடிப்பு, அடியில் நீர், பார்வைக் குறைவு, செம்மஞ்சள் நிறமி, ஸ்கானில் உள்வெறுமை, 5 மி.மீ.க்கு மேல் அகலம். குறிகள் கூடக்கூட ஆபத்தும் கூடும். மச்சம் என்று விட்டாலும் முதல் மறுபரிசோதனையை மூன்று நான்கு மாதத்தில் வையுங்கள்.

உடலின் வேறிடத்திலிருந்து பரவிய கட்டி பெரும்பாலும் அகன்று தட்டையாக இருக்கும். உள் ஒலி நடுத்தரம் முதல் உயர்வு வரை, ஒழுங்கில்லாமல் வரும். ஒரே கண்ணில் பலவும் இருக்கலாம், இரு கண்ணிலும் இருக்கலாம். கோரொயிட் ஹீமாஞ்சியோமா (இரத்தக்குழாய்க் கட்டி) முழுக்க உயர்ந்த ஒலி தரும். சிரமம் கொடுப்பது காசநோய்க் கட்டி: அதன் உள் ஒலி தாழ்ந்தும் நடுத்தரமாகவும் வந்து மெலனோமாவோடும் பரவிய கட்டியோடும் கலந்துவிடும். அங்கே ஸ்கான் தனியே உதவாது. கீழே வரும் ஓசிடியும் நெஞ்சுப் படமும் தேவை.

பின்பக்க ஸ்கிளீரா அழற்சியில் கண்ணின் பின்சுவர் 2 மி.மீ.க்கு மேல் தடித்து, உள்ளே ஒலி உயர்ந்து நிற்கும். சுவருக்கு வெளியே டெனொன் இடைவெளியில் நீர் கசிந்து, பார்வை நரம்பின் கறுப்போடு சேர்ந்து ஆங்கில டி (T) எழுத்தைப் படுக்கப்போட்டது போல ஒரு கறுப்புப் பட்டை தெரியும். இதைத் தேடாமல் கிடைக்காது. பார்வை நரம்பு நடுவில் விழும்படி எடுத்து, கெயினை இறக்கிப் பாருங்கள். நோவு கடுமையாக இருந்து டி-குறியும் இருந்தால் அழற்சி என்றே வைத்துச் சிகிச்சை தொடங்கலாம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் அதே இடத்தை மீண்டும் அளக்கவேண்டும். தடிப்புக் குறையாவிட்டால் முதல் முடிவையே மறுபடி கேள்விக்குட்படுத்துங்கள்.

பொய்ச்சாட்சிகளும் உண்டு. அஸ்டிரொய்ட் ஹயலோசிசின் மின்னும் துகள்கள் சுண்ணாம்புபோலத் தெரியும். ஆனால் கண்ணோடு சேர்ந்து ஆடும், விழித்திரைக்கு முன் ஒரு வெற்று இடைவெளியும் இருக்கும். பார்வை நரம்புத் தலையில் புதைந்த டுரூசென் படிவுகளும், நெடுநாள் செத்துச் சுருங்கிய கண்ணும் சுண்ணாம்பு காட்டும். சிலிக்கோன் எண்ணெய் நிரப்பிய கண்ணில் ஒலி மெதுவாகப் போவதால் கண் நீண்டதாகத் தெரியும். அங்கே எடுக்கும் எந்த அளவும் செல்லாது.

பிள்ளைகள்

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, புதிதாக மாறுகண் வந்தாலோ, அடிபடாமல் கண்ணுக்குள் இரத்தம் நின்றாலோ, அன்றே ஸ்கான். இமை வீங்கிச் செல்லுலைட்டிஸ் என்று வார்டில் சேர்த்த பிள்ளைக்கும் கண்கோளத்துக்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரெட்டினோபிளாஸ்ரோமா என்ற விழித்திரைப் புற்றுநோயில் பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு இருக்கும், கண்ணின் நீளமும் வயதுக்குரிய அளவில் இருக்கும். கருவில் இருந்த இரத்தக்குழாய்கள் மறையாமல் நிற்கும் பிஎச்பிவி என்ற பிறவிக் கோளாறில் கண் சிறிதாக இருக்கும். நாய், பூனைக் கழிவிலிருந்து வரும் டொக்சோகாரா அழற்சியில் திரட்சியோடு சேர்ந்து விட்ரியஸ் நாண்கள் இழுத்துக்கொண்டு நிற்கும்.

சுண்ணாம்பு இல்லை என்பது நோய் இல்லை என்பதல்ல. விழித்திரையில் பரந்து படரும் வகை கொஞ்சம் வயது கூடிய பிள்ளைகளில் வருகிறது. அதில் சுண்ணாம்பும் இல்லை, தெளிவான கட்டியும் இல்லை. கண்ணின் முன்னறையில் வெள்ளைப் படிவு மட்டும் அடியில் தேங்கி, யூவியைட்டிஸ் என்றே தோன்றும். அழற்சிச் சீழ் பெரும்பாலும் கெட்டியாக ஒட்டி நிற்கும். புற்றுக்கலங்களாலான இந்தப் படிவோ தலையைச் சாய்த்தால் நகரும்.

இந்தச் சந்தேகம் தீரும்வரை பிள்ளையின் கண்ணுக்குள் எந்த ஊசியும் போடக்கூடாது. மாதிரி எடுக்கவும் கூடாது, மருந்து ஏற்றவும் கூடாது. ஊசி போன வழியே கலங்கள் கண்ணுக்கு வெளியே வந்துவிடும். கண்ணுக்குள் அடங்கியிருந்த, குணமாக்கக்கூடிய நோய் உயிருக்கு உலைவைக்கும் நோயாகிவிடும். சிடியும் வேண்டாம். பரம்பரை வகை இருந்தால் கதிர்வீச்சு பின்னாளில் வேறு புற்றுநோய்களைத் தூண்டும். செல்லுலைட்டிசுக்காக ஏற்கெனவே சிடி எடுத்தாகிவிட்டதென்றால், அதையே எலும்பு விண்டோவில் திறந்து கண்கோளத்துக்குள் சுண்ணாம்பைத் தேடுங்கள். புதிதாக இன்னொன்று எடுக்காதீர்கள்.

பெற்றோர் கொண்டுவரும் கைபேசிப் படத்தையும் தட்டிக்கழிக்கவேண்டாம். மங்கலான அறையில், பிளாஷ் போட்டு, செங்கண் திருத்தத்தை அணைத்து, நேராகவும் இரு பக்கமும் பார்க்கவைத்தும் எடுத்த படங்களைக் கேளுங்கள். ஒரே ஒரு கோணத்தில் மட்டும் வெள்ளை தெரிந்தால் பார்வை நரம்புத் தலையின் பிரதிபலிப்பாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிப்பது கண்மணியை விரித்துப் பார்ப்பதுதான். அம்மாமாரின் கண்ணுக்கு முதலில் தெரிந்தது கிளினிக்கில் தெரியாமல் போவது கண்மணியை விரிக்காமல் பார்ப்பதால்தான்.

ஓசிடியும் சாயப்படமும்

லிம்போமாச் சந்தேகத்தில் ஓசிடி மிகவும் பேசும். விழித்திரை நிறமிப்படைக்கும் புரூக் மென்படலத்துக்கும் இடையில் மேடு மேடான படிவுகள், விழித்திரையின் அடுக்குகளை மேலிருந்து கீழ் ஊடறுக்கும் பிரகாசமான செங்குத்துப் பட்டைகள் ஆகியவற்றைத் தேடுங்கள். அதே கண்ணில் மக்குலா நீர்க்கட்டு இல்லாதிருப்பதும் ஒரு தகவல்தான்: இவ்வளவு கலங்களோடு உண்மையான யூவியைட்டிஸ் நீடித்திருந்தால் மக்குலா பெரும்பாலும் வீங்கியிருக்கும். காசநோய்க் கட்டியில் மேட்டின் உச்சியில் நிறமிப்படையும் விழித்திரையும் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் மட்டும் நீர் நிற்கும். பரவிய கட்டியில் மேற்பரப்பு கரடுமுரடாக அலைபோல வரும். கோரொயிட்டைப் பார்க்க ஆழப்படப் பயன்முறையைப் போடவேண்டும். தடித்த கட்டியின் அடித்தளம் அதிலும் தெரியாது. அங்கே திரும்பவும் பி-ஸ்கானுக்குத்தான் வரவேண்டும்.

சாயப்படத்துக்கு ஃபுளூரசீன் 500 மி.கி., அதாவது 10 வீதக் கரைசலில் 5 மி.லீ. அல்லது 20 வீதத்தில் 2.5 மி.லீ., கைநாளம் வழியாக. ஒவ்வாமை கேட்டு எழுதுங்கள், அட்ரினலின் தட்டைப் பக்கத்திலேயே வையுங்கள், மறுநாள்வரை சிறுநீர் மஞ்சளாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இரவில் பயந்துபோய் வருவார்கள். தொடக்கப் படத்தோடு நிறுத்தாமல் 10ஆவது நிமிடப் படமும் எடுக்கவேண்டும். யூவியைட்டிசில் பார்வை நரம்பும் குழாய்களும் கசியும், மக்குலா இதழிதழாக நிரம்பும். லிம்போமாவில் கசிவு குறைவு. பதிலாக வட்டக் கரும்புள்ளிகள் கூட்டமாகத் தெரியும். விகேஎச்சில் ஊசிமுனைப் புள்ளிகள் பல தோன்றி, பின்னர் நீர்க்குளங்கள் நிரம்பும். மெலனோமாவில் விழித்திரைக் குழாய்களோடு கட்டியின் சொந்தக் குழாய்களும் சேர்ந்து தெரியும்.

சாயம் ஏற்றுமுன், விழித்திரை தானே ஒளிர்வதைப் பிடிக்கும் தானொளிர்ப் படத்தை எடுத்துவிடுங்கள். சாயம் ஏறிய பிறகு அது கெட்டுவிடும். மச்சத்தின் மேலுள்ள செம்மஞ்சள் நிறமி அதில் பளிச்சென்று தெரியும்.

நெஞ்சுப் படம், எம்ஆர்ஐ, சிடி

சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே மிக மலிவானது. கேட்க மறந்துபோவதும் அதுதான். கோரொயிட்டில் திரட்சி தெரிந்த எவருக்கும் அதை எடுங்கள். மேல்மடலில் காசநோய் நிழல், இரு பக்க நிணநீர்க்கணு வீக்கமாகத் தெரியும் சார்கொயிடோசிஸ் என்ற அழற்சி நோய், நுரையீரல் கட்டி: மூன்று கேள்விக்கும் ஒரே படத்தில் துப்புக் கிடைக்கலாம். சுத்தமாக இருந்தாலும் எதையும் முற்றாக விலக்காது. கூடவே காசநோய்க்கான மான்டூ தோல் பரிசோதனை, சிபிலிஸ் இரத்தப் பரிசோதனை, பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை.

எம்ஆர்ஐக்கு முன் ஒரு கேள்வி: கண்ணில் எப்போதாவது இரும்புத்துகள் பட்டதா? வெல்டிங் செய்பவர், படகுத்துறையில் துரு தட்டுபவர் என்றால் முதலில் கண்குழி எக்ஸ்ரே அல்லது சிடி. காந்தப்புலத்தில் இரும்பு நகர்ந்தால் கண் போய்விடும். கண்ணுக்குள் நெடுநாள் கிடக்கும் இரும்பே தீராத யூவியைட்டிசாகவும் தோன்றும். அந்தப் படத்திலேயே விடை கிடைத்துவிடவும்கூடும்.

கேட்கும்போது “தலை எம்ஆர்ஐ” என்று மட்டும் எழுதினால் கண்ணில் பயன்படாத தடித்த வெட்டுகள் வரும். கண்குழிக்கு 2 முதல் 3 மி.மீ. வெட்டுகள், காடோலினியம், அதற்குப் பின் கொழுப்பை மறைத்த படங்கள் என்று எழுதுங்கள், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் இணையுங்கள். நிறமியுள்ள மெலனோமா டி1 படத்தில் வெளுத்தும் டி2 படத்தில் கறுத்தும் வரும். பிள்ளைகளுக்கு மயக்கம் தேவைப்படும். பார்வை நரம்பையும் மூளையின் நடுவிலுள்ள பினியல் பகுதியையும் சேர்த்துக் கேட்கவேண்டும். லிம்போமாச் சந்தேகத்தில் கண்ணில் எம்ஆர்ஐ அனேகமாக எதுவும் காட்டாது. மூளைக்காகத்தான் அதை எடுக்கிறோம், ஏனென்றால் இந்த நோயாளர்களில் பெரும்பாலானோருக்கு முன்னோ பின்னோ மூளையிலும் நோய் வருகிறது.

கண்கோளத்துக்கு வெளியே, கண்குழியில் உள்ள திரட்சிக்கு வளர்ந்தோரில் சிடி நன்றாக உதவும். லிம்போமா எலும்பை அரிக்காமல், கோளத்தின் வளைவுக்கு ஏற்ப அச்செடுத்தாற்போலப் படியும். கண்குழி அழற்சியில் தசையோடு அதன் நாணும் தடிக்கும். தைரொயிட் நோயில் நாண் தப்பிவிடும். இருந்தும் லிம்போமாவையும் அழற்சியையும் இங்கே படத்தால் மட்டும் பிரிக்கமுடியாது, பயொப்சி வேண்டும்.

கொழும்புக்கு அனுப்பும்போது

லிம்போமா என்று சந்தேகித்தால் ஸ்டீரொய்ட் தொடங்கவேண்டாம். ஏற்கெனவே எடுப்பவருக்கு, விட்ரியஸ் மாதிரிக்கு முன் ஏறக்குறைய இரண்டு வாரமாவது நிறுத்திவைப்பது வழமை; அதிக நாள் எடுத்தவர் என்றால் படிப்படியாகக் குறைத்து, எடுக்கப்போகும் நிபுணரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஸ்டீரொய்ட் கலங்களைக் கொன்றுவிடும், மாதிரியில் செத்த கலங்களே மிஞ்சும். இன்னொன்று, விட்ரியசை இங்கே எடுத்துக் குப்பியில் போட்டு பஸ்ஸில் அனுப்பாதீர்கள். கலங்கள் ஒரு சில மணித்தியாலத்திலேயே சிதையத் தொடங்கிவிடும். நோயியல் ஆய்வுகூடம் காத்திருக்கும் இடத்துக்கு நோயாளியே போகட்டும்.

வளர்ந்தோருக்கு கொழும்பு தேசிய கண் வைத்தியசாலை, பிள்ளைகளுக்கு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகம அபேக்ஷா வைத்தியசாலை. பிள்ளையை அடுத்த கிளினிக் நாள்வரை வைத்திருக்காமல் தொலைபேசியில் பேசிவிட்டு உடனே அனுப்புங்கள். இரவு ரயிலுக்கு விட்டால் காலையில் அங்கே நிற்பார்கள். ஸ்கானை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் அதன் தெளிவு சுருங்கிவிடும், அசைவும் போய்விடும். மூலக் கோப்புகளையும் கண் அசையும் வீடியோவையும் சீடியில் அல்லது பென்டிரைவில் கொடுத்துவிடுங்கள்.

கடிதத்தில் இருக்கவேண்டியவை: இரு கண்ணின் பார்வையும் அழுத்தமும், திரட்சியின் மணித்திசை, உயரமும் அகலமும், எந்தக் கெயினில் எடுத்தது, சுண்ணாம்பு உண்டா இல்லையா, டி-குறி தேடப்பட்டதா, ஸ்டீரொய்ட் எந்தத் திகதியில் எந்த அளவில் தொடங்கி எப்போது நின்றது. நோயில்லாத கண்ணை விரித்துப் பார்த்தீர்களா என்பதையும் தனி வரியாக எழுதுங்கள். பிள்ளையென்றால் சகோதரங்களின் வயதுகளையும் சேருங்கள், அவர்களுடைய கண்களையும் பார்க்கவேண்டிவரும்.